முதலில் வேலி

கடைசி முளையை அடித்து முடித்து ரோடெலியோ கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தான். டிங் என்றது. கனடாவில் நாலு ஏக்கர்: பாதி புல், பாதி ஊசியிலை மரம், ஓரத்தில் கூரை சரிந்த மாட்டுக்கொட்டில். பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் அவன் அப்பா ஆயுசு முழுக்கக் கரும்பு வெட்டிய பண்ணையைவிட இது பெரிதாகத் தெரிந்தது. தெரியத்தானே செய்யும், அந்தப் பண்ணையில் அவர்களுக்கு அரிவாள்கூடச் சொந்தமில்லை.

உண்மையில் இதுவும் இன்னும் சொந்தமில்லை. கிழவர் அல்ஃபே ரோபிஷோ கைகுலுக்கி, "டிசம்பர்ல வக்கீலம்மாகிட்ட கையெழுத்துப் போட்டுடலாம். அதுவரைக்கும் உன்னுதுன்னே நெனச்சுக்க" என்றிருந்தார். நினைத்துக்கொள் என்றால் வேலியே போட்டுவிடுகிற ஆள் ரோடெலியோ. போதாததற்குப் படம் பிடித்து, ஜமீன் பண்ணைக்குச் சொல்வதுபோல் 'ஹசியெண்டா ரோடெலியோ' என்று தலைப்பிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டான். அங்கே சித்தப்பா பையன்கள் மூன்று பேர் இப்போதே கங்காணி வேலை கேட்டாயிற்று.

வேலி யோசனை எஃப்ரெனுடையது. சிங்கி இறால் ஆலையில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் சங்கத்துக்குத் தலைவர். சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூட வைத்திராத அந்த மனிதர் நில விவகாரத்தில் இரண்டு மணி நேரம் பேசுவார். "மொதல்ல வேலிடா! அப்புறந்தான் வீடு, கோழி, பொண்டாட்டி எல்லாம்" என்று பீர் டப்பாவை உயர்த்தி முழங்கினார். ரோடெலியோவுக்கு அது வேதவாக்கு. அவன் ஊரில் வேலியில்லாத நிலம் திறந்து வைத்த சோற்றுப்பானை.

அவன் மனைவி மாரிவிக் மட்டும் மசியவில்லை. "வேலை பெர்மிட்டு மார்ச்சோட முடியுது. புதுப்பிக்கலேன்னா இந்த நாலு ஏக்கரை மடிச்சுப் பெட்டியில வெச்சுத் தூக்கிட்டுப் போவீங்களா, ஹசியெண்டாக்காரரே?"

"நிலம் இருந்தா மனசு மாறுவாங்கடி."

"யாரு? பெர்மிட்டு குடுக்கறவனா? அவனுக்கு உன் மாட்டுக்கொட்டில் தெரியுமா?"

கனடாவுக்கு வந்த ஐந்து வருஷத்தில் அவன் படுத்த கட்டில், சமைத்த அடுப்பு எல்லாம் ஆலைக்குச் சொந்தம். காலில் போட்டுக்கொள்ளும் ரப்பர் பூட்ஸில்கூட ஆலையின் எண். திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும், இந்த மண்ணில் ஒரு துண்டு தன் பேரில் கிடக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு. இதை வாய்விட்டுச் சொன்னால் மாரிவிக் சிரிப்பாள். அதைவிட மோசம், அழுதுவிடுவாள்.

வேலி எழுந்த பிறகு ஊர் மாறியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. தெருவில் கார் கடக்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்குவார்களே, அந்த விரல் தூங்கிப்போயிற்று. வாராவாரம் ஒரு சட்டி கோழிக்கறிக் கஞ்சியோடு வந்து உட்காரும் அல்ஃபே வரவில்லை. கையெழுத்துக்குக் குறித்த நாளும் தள்ளிப்போனது. முதலில் முதுகுவலி என்றார். அப்புறம் பல்வலி. கிழவருக்கு இருந்ததே பொய்ப்பல்.

முதல் பெரும்பனி விழுந்த காலையில் மூன்று பனிவண்டிகள் உறுமிக்கொண்டு வந்து கம்பி முன்னால் நின்றன. ஓட்டி வந்தவர்கள் இறங்கி, கம்பியைப் பார்த்தார்கள். சாவுவீட்டு வாசலில் நிற்பதுபோல் சற்று நேரம் நின்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ரோடெலியோ நேராகக் கிழவர் வீட்டுக்கு நடந்தான்.

"பெரியவரே, நிலம் குடுப்பீங்களா மாட்டீங்களா?"

அல்ஃபே அடுப்பில் கட்டையைத் தள்ளினார். "எங்கப்பன் காலத்துலேர்ந்து ஊர் அந்த வழியாத்தான் கடலுக்குப் போகுது. குளிர்காலத்துல இங்க எவன் நிலமும் எவனுக்கும் இல்ல. உனக்கு வித்தா, ஊரு வழியையும் சேத்து வித்துட்டான்னு என் கல்லறையில எழுதுவானுங்க."

"வேலி போடறப்பவே சொல்லியிருக்கலாமே!"

"இதையெல்லாமா மனுஷனுக்குச் சொல்வாங்க?"

"எங்க ஊர்ல வேலி போடலேன்னா, விடியறதுக்குள்ள எவனாவது குடிசை போட்டுருப்பான்."

கிழவர் அவனையே பார்த்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "இந்தக் குளிர்லயா? விடிஞ்சா குடிசை நிக்கும், உள்ள இருக்கறவன் கட்டையாக் கெடப்பான்டா!"

அன்று மதியமே கணவனும் மனைவியும் கம்பியை வெட்டினார்கள். எஃப்ரென் தொலைபேசியில் கதறினார்: "அவசரப்படாதே, சங்கத்துல தீர்மானம் போடுவோம்!" மாரிவிக் போனை வாங்கி, "தலைவரே, தீர்மானத்தோட ஒரு கட்டிங் பிளேயரும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி வைத்தாள்.

பொழுது சாயும் முன் அல்ஃபே பனிவண்டியில் வந்தார், பின்னால் வேறொரு வண்டியில் இன்னொருத்தன். "செவ்வாய்க்கிழமை வக்கீலம்மா வரச் சொல்லுது. நல்லா தேச்சுக் குளிச்சுட்டு வா, இறால் நாத்தம் அதுக்கு ஆகாது."

"மார்ச்சுல எங்களை அனுப்பிட்டாங்கன்னா?"

"புல்லு எங்க போகப்போகுது? ஏறு."

ரோடெலியோ பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டி வெட்டிய இடைவெளியில் பாய்ந்து, கொட்டிலைத் தாண்டி, மரங்களுக்குள் புகுந்தது. எங்கும் ஒரே வெள்ளை. "நம்ம நிலம் முடிஞ்சுதா? இது யாருது?" என்று கத்தினான். எஞ்சின் இரைச்சலில் கிழவர் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த வண்டியில் மாரிவிக், முன்பின் தெரியாத ஒருத்தனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குல்லா பறந்துபோன தலையோடு, வாய்நிறையப் பனியோடு கூவிக்கொண்டே வந்தாள். எதிரே மரங்கள் விலகி, உறைந்துபோன கடல் தெரிய ஆரம்பித்தது.