ஏணியில் இன்னொரு கை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. வீட்டுத் தொட்டியில் இருக்கும் எலுமிச்சையைக் கவாத்து செய்ய ஒரு கத்தரி வாங்கப் போயிருந்தேன். சுவர் முழுக்கப் பேட்டரிக் கருவிகள். எதை எடுப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் பேட்டரி போடாத கத்தரி ஒன்றை இடது கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, விசையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "இதுதான்" என்றாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

(கம்பெனிப் பெயர்கள் வராது. ஒன்று ஊதா, இன்னொன்று சாம்பல். நிறங்களையும் மாற்றிவிட்டேன். கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை.)

2

முதல் தொடக்கம்: 'இளவெயில் கிளைகளின் மேல் தவழ்ந்துகொண்டிருந்த அந்த' — வேண்டாம். வெயில் தவழ ஆரம்பித்தால் என் கதை படுத்துவிடும்.

இரண்டாவது: 'அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது.' பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது மணிக்கட்டு. வீடு வீடாகப் போய் மரங்களைக் கவாத்து செய்வதுதான் அவளுக்கும் கணவருக்கும் தொழில். அவள் ஏணியில் ஏறி வெட்டுவாள். விழுந்ததைப் பொறுக்கி, ப்ளோயரால் ஊதி, இடத்தைச் சுத்தம் செய்வது அவர் வேலை. அவருக்கு இரண்டு படி ஏறினாலே தலை சுற்றும். வாடிக்கையாளர்கள் அவளை 'இடக்கை அக்கா' என்பார்கள்.

கைக்கத்தரியை இனித் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கைக்குத் தோதான பேட்டரிக் கத்தரி கிடைத்தால் ஏணி அவளுக்கு உண்டு. இல்லாவிட்டால் அவளும் கீழே நின்று பொறுக்க வேண்டியதுதான், மேலே வேறு யாராவது ஏறுவார்கள். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

கணவரை முதல் பிரதியில் கஞ்சனாக எழுதியிருந்தேன். சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. கஞ்சன் எதற்கு மனைவியிடம் சொல்லாமல் போய் அவளுக்காகக் கத்தரி வாங்கி வர வேண்டும்? அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அவர் ஊதாக் கட்சி. ட்ரில் மெஷின், ரம்பம், ப்ளோயர், எல்லாமே ஊதா. ஒரே பேட்டரி எல்லாவற்றிலும் உட்காரும், ஆனால் சாம்பலில் உட்காராது. அதனால் பேட்டரி இல்லாத ஊதாக் கத்தரி ஒன்றை வாங்கி வந்து, அவள் முன்னால் தம் பேட்டரியைச் செருகிக் காட்டினார். முகமெல்லாம் பல்.

"பாத்தியா, கச்சிதமா உக்காந்துடுச்சு!"

அவள் இடது கையில் வாங்கி விசையை இழுத்தாள். அசையவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு பூட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அது வலது கைக்காரர்களின் கட்டைவிரல் படும் இடத்தில் இருந்தது. இடது கையில் பிடித்தால் எந்த விரலும் எட்டவில்லை.

"இன்னொரு கையால அமுக்கிக்கோ," என்றார். "போகப் போகப் பழகிடும்."

(நல்ல மனிதர். இதைச் சொல்லும்போதும் நல்ல மனிதர்தான். எனக்குத் தலைவலியே அதுதான்.)

4

இங்கே பல நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். முடிவுகளை எழுதி எழுதிப் பார்த்தேன்.

அவள் பழகிக்கொள்கிறாள். கணவரின் அன்பை நினைத்து, வலது கையை மெல்ல மெல்லப் பழக்கி… எழுதும்போதே எனக்கு எரிச்சல். அவள் அப்படி மடங்குகிற ஆள் இல்லை.

சண்டை. ஊதா ஜன்னல் வழியாகப் பறக்கிறது. கருவியை வைத்துப் பிழைக்கிறவள் கருவியை எறியமாட்டாள். இதுவும் போச்சு.

கடைக்காரர் வந்து தீர்த்துவைக்கிறார். நடுவில் அவர் யார்?

கணவர் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏணியை விட்டுக்கொடுக்க முடியாது. ஊதாப் பெட்டியையும் கணவரையும் கூட்டிக்கொண்டு அவளே கடைக்குக் கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

5

சாம்பலில் பொத்தான் இரண்டு பக்கமும் இருந்தது. அவள் கண்ணை மூடி இழுத்துப் பார்த்தாள். "இதுதான்" என்றாள். (நான் நிஜமாகவே பக்கத்தில் நின்றது இந்த இடத்தில்தான்.) பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்குத் தனி பேட்டரி, தனி சார்ஜர்," என்றார் கணவர். "அவசரத்துல மாத்தி எடுத்துட்டுப் போய் முழிக்கப்போறோம். ஒரு பொத்தானுக்குப் போயா இவ்வளவு?"

"பொத்தானுக்கு இல்லங்க. என் கைக்கு."

"அதான் இன்னொரு கை இருக்கே?"

விற்பனைக்கு வைத்திருந்த ஏணி ஒன்றை இழுத்து விரித்தாள். ஊதாவை அவருடைய இடது கையில் கொடுத்தாள்.

"ஏறுங்க."

"எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியாதா?"

"ரெண்டே படி. நான் கீழ பிடிச்சுக்கறேன்."

ஏறினார். (எனக்கு அவரைப் பிடித்துப்போனது இங்கேதான்.) வலது கை ஏணியை இறுகப் பற்றியிருந்தது.

"இப்ப வெட்டுங்க."

விசையை இழுத்தார். பூட்டியிருந்தது. பொத்தானைப் பார்த்தார். பிறகு தம் வலது கையைப் பார்த்தார். அது ஏணியை விடுவதாக இல்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

இத்தனை வருடம் கீழே நின்று பொறுக்கியவர் அவர். மேலே அவளுடைய இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசிக்க அவருக்கு ஒருநாளும் அவசியம் வந்ததில்லை.

6

அடுத்து ஒரு வரி வைத்திருந்தேன். 'அவருடைய கண்கள் பனிக்க, தழுதழுத்த' — அடித்தாயிற்று.

இனி உங்கள் பாடு. ஆனால் எல்லாவற்றையும் உங்களிடம் விடவில்லை. சாம்பல் வாங்குவது முடிந்த விஷயம். பெட்டி அவள் கக்கத்தில் இருக்கிறது, அதை நீங்களும் பிடுங்க முடியாது, நானும் பிடுங்க முடியாது. அடுத்த மரத்திலும் அவள்தான் மேலே இருப்பாள்.

அவர் இறங்கி வந்து என்ன சொல்வார் என்பது மட்டும் பாக்கி. மன்னிப்பா, மழுப்பலா, அல்லது இரண்டாவது சார்ஜரை வண்டியில் எங்கே மாட்டலாம் என்ற கேள்வியா? எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது. சொல்லமாட்டேன்.

ரொம்ப யோசிக்காதீர்கள். அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வீங்கிய கையையும் சேர்த்து, இரண்டு கையாலும்.