பீரில் குழைத்த பளிங்கு

கராரா ஊரில் சுவரில் பளிங்கு வரைவதும் கொல்லன் தெருவில் ஊசி விற்பதும் ஒன்று. மலை முழுக்கப் பளிங்கு, ஊர் முழுக்க அதன் வியாபாரிகள். ஆனாலும் என் துணிக்கடைக்கு அடுத்த காப்பிக்கடை இவானோ அதைத்தான் செய்யத் துணிந்தான். அவன் கடைச் சுவரெல்லாம் மெல்லிய ஜிப்சம் பலகை. அசல் பளிங்கை ஒட்டினால் சுவரோடு சேர்ந்து அவனும் விழுவான்.

வரைவதற்காக மூன்று நாள் முன்பு ஜெனோவாவிலிருந்து ஓவியக்காரி டெல்ஃபினா ரயிலில் வந்து இறங்கினாள். முதலில் ஒரு சுவர். பளிங்குக்காரர் ஒருவராவது அதை அசல் என்று நம்பினால் மீதி மூன்றும் அவளுக்கே. அதுதான் பேச்சு. அந்த மூன்றும் கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வேலை கிடையாது.

பீரில் குழைத்த சாம்பல் சாயத்தைப் பூசி, இறகு நுனியால் ரேகை இழுத்து, மெல்லிய தூரிகையால் வருடிவிட்டாள். தள்ளி நின்று பார்த்த எனக்கே கல்லைத் தொட்டதுபோல் கை சில்லிட்டது.

அவள் வார்னிஷ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது ஒர்லாந்தோ உள்ளே வந்தார். நாற்பது வருஷமாகப் பளிங்குப் பாளம் விற்பவர். கல்லைப் பார்த்ததும் அது பிறந்த குவாரியைச் சொல்லாவிட்டால் இந்த ஊரில் மீசைக்கு மரியாதை இல்லை.

"டேய் இவானோ, எவன்டா இதை உன் தலையில கட்டினான்? மேற்குச் சரிவு, பழைய குவாரி. என்ன விலை சொன்னான்?"

"நீங்களே ஒரு விலை சொல்லுங்கண்ணே."

"சொல்றேன், இரு. ரேகை நல்லாத் தெரியட்டும்."

கல்லை நனைத்துப் பார்த்துத்தான் இங்கே விலை பேசுவார்கள். "ஐயோ, வேணாங்க!" என்று டெல்ஃபினா கத்துவதற்குள் ஒர்லாந்தோ வீசிய குவளைத் தண்ணீர் சுவரில் அடித்தது. வார்னிஷ் இன்னும் பூசாத பீர்ச் சாயம் அல்லவா? மேற்குச் சரிவு கரைந்து தரைக்கு வந்து சேர்ந்தது.

கடையில் எட்டுப் பேர் இருந்தோம். முதலில் சிரிக்க ஒருத்தருக்கும் துணிவில்லை.

"தோத்துட்டியேம்மா," என்றான் இவானோ.

"எப்படிங்க? பேச்சு கண்ணுக்குத்தான், தண்ணிக்கு இல்ல. பெரியவர் குவாரியையே சொல்லிட்டார். வேணும்னா அவரையே கேளுங்க."

எல்லாத் தலைகளும் ஒர்லாந்தோ பக்கம் திரும்பின. நம்பினேன் என்றால் மீசை போச்சு. நம்பவில்லை என்றால் விலை கேட்டது யார்? அவர் ஒரு காப்பி வாங்கி, சர்க்கரை கரைந்த பிறகும் வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பெயிண்டுன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. ஆனா இந்தப் பொண்ணு அந்தக் குவாரிக்கே ஏறிப் போய், உக்காந்து பாத்து வரைஞ்சிருக்கா. அதைத்தான் சொன்னேன். என்னம்மா, போனியா இல்லையா?"

வந்த நாளாக அவள் இந்தத் தெருவைத் தாண்டவில்லை. மாதிரிக்குப் பார்த்தது தங்கியிருந்த விடுதியின் குளியலறைத் தரையை. அதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு நாள் உக்காந்தேங்க," என்றாள். "கல்லு குத்தி இன்னும் இடுப்பு வலிக்குது."

"பாத்தியாடா! அச்சு அசலா வரைஞ்சிருக்கா. மீதியையும் குடுத்துடு."

இவானோ தலையைச் சொறிந்தான். பளிங்கு வியாபாரியே சாட்சி சொன்ன பிறகு காப்பிக்காரன் சொல் எடுபடுமா?

"சரி தாயே, மூணும் உனக்குத்தான்."

அவள் சுவரைத் துடைத்துவிட்டு இறகை எடுத்தாள். ஒர்லாந்தோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சரிவில் ரேகை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடும், எங்கே கிளை பிரியும் என்று சொல்லத் தொடங்கினார். உள்ளதைச் சொன்னால், நன்றாகவே சொன்னார்.

"ஆமாங்க, அங்க அப்படித்தான் இருந்துச்சு," என்று சொல்லிச் சொல்லி அவளும் வரைந்தாள்.