ஏழரை மில்லி

அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வந்த முதல் நாள், நான் சோதனைக் குழாய்களைக் கழுவித் தாங்கியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கம்பு இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மெல்லிய பெண் உள்ளே வராமல் நின்றபடியே தலையைச் சாய்த்து எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அக்கா, வலது பக்கம் மூணாவது குழாய் சரியா மூடல." போய்ப் பார்த்தேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. பதினோரு வருடமாக இந்த அறையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொட்டு என் காதில் விழுந்ததே இல்லை.

பின்னாலேயே மற்றப் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். வேதியியல் ஆசிரியரும் வந்தார். எதையெடுத்தாலும் "பாத்து, பாத்து" என்று பதறுவதால் பிள்ளைகள் அவருக்குப் பாத்து சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கதவோரம் கிடந்த ஸ்டூலைக் காட்டி, "நீ அதுல உக்காந்துக்கோம்மா. பாத்து, பாத்து" என்றார். ஓரிரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவள் அசரவில்லை. "பாத்து உக்கார முடியாது சார். தடவித்தான் உக்காரணும்" என்றாள். வகுப்பே குலுங்கியது. சாருக்குக் காது சிவந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு வக்கீல் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்திருந்தது.

வக்கீலின் அம்மா எங்கள் பள்ளியிலேயே துப்புரவு வேலை செய்பவர். கழிப்பறைகள், படிக்கட்டு, மூன்று மாடித் தாழ்வாரம் எல்லாம் அவர் பொறுப்பு. பெருக்க வரும்போதுகூட ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருமுறை மேஜை மேலிருந்த ஒரு குடுவையை நகர்த்தியதற்கு, எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாராம். "இதையெல்லாம் நீ தொடற பொருளா?" என்றாராம். அதிலிருந்து மேஜைகளுக்குக் கீழே மட்டும் பெருக்கிவிட்டுப் போய்விடுவார். மகள் அப்படியில்லை. தாழ்வாரத்தில் துடைப்பத்தின் சத்தம் கேட்டால் போதும், பத்துப் பேர் நடுவிலிருந்தும் "அம்மோவ்!" என்று கூப்பிடுவாள். அம்மா கூச்சத்தோடு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வார். மகளுக்குத் தெரியாது என்ற தைரியம். ஆனால் மகள் முகத்தை அந்தத் தூண் பக்கம்தான் திருப்புவாள்.

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். அறிவியல் பிரிவு வேண்டுமென்று மூன்று நாள் தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்று வாங்கினாள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பாடம் படிக்கலாம், செய்முறைக்கு விலக்கு. மற்ற மதிப்பெண்களின் சராசரியை அதற்கும் போட்டுவிடுவார்கள். அதனால் ஆய்வக நேரத்தில் அவள் வேலை அந்த ஸ்டூல்தான். மற்றவர்கள் கலக்குவார்கள், ஊற்றுவார்கள், உடைப்பார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தங்களைக் கேட்பாள்.

ஒருநாள் எல்லோரும் போனபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "விலக்குன்னா என்னன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டாள். "சலுகைதானே?" என்றேன். "இல்லக்கா. வெளிய போன்னு மரியாதையா சொல்றது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை ஒரு குடுவைக்கிட்டக்கூட விடாமல் தினமும் "அங்கேயே இரும்மா, கண்ணாடி சிதறிக் கெடக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. காலையில் அவசரமாகச் சமைத்துவிட்டு ஓடி வந்திருந்தேன். அவளுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது, "இன்னைக்கு வெங்காயமாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். மதியம் அவள் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டேன். இரண்டு படி இறங்கியதும் நின்றுவிட்டாள். என் விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசம் எங்க போச்சு?"

"கழுவினேன்."

"சோப்புல இது போகாதுக்கா. எங்கம்மா கையில ராத்திரி வரைக்கும் இருக்கும். எதுல கழுவினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அன்று பிசுக்கேறிய குடுவைகளைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியிருந்தேன். சொன்னதும் அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சோடான்னா காரம்! காரத்துல வெங்காய வாசம் போயிடும்னு பத்தாவதுல ஒரு வரி வரும்க்கா. ஒரே ஒரு வரி. அப்படின்னா அமிலம் ஊத்தி அந்தக் காரத்தை முறிச்சா..." அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு பேரும் இறங்கிய படியிலேயே திரும்பி ஏறினோம். சத்தியமாக நான்தான் பின்தங்கினேன்.

தரம்பார்த்தல் என்று ஒரு சோதனை இருக்கிறது. குடுவையில் காரத்தை எடுத்துக்கொண்டு, நிறம் காட்டும் மருந்து ஒரு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். மேலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் அந்தச் சிவப்பு சட்டென்று மறையும். எத்தனை மில்லி அமிலத்தில் மறைந்தது என்பதுதான் விடை. கண் தெரியாதவர்களால் இது முடியாது என்று சொல்வதற்கு எல்லோரும் காட்டிய காரணம் அந்தச் சிவப்புதான். அன்று நாங்கள் சிவப்பை விட்டுவிட்டோம். என் சாப்பாட்டுப் பையில் மிச்சமிருந்த வெங்காயத்தை நசுக்கி, நீர்த்த காரத்தில் சாறு நாலு சொட்டு விட்டேன். அவள் குடுவை வாய்க்கு மேலே கையால் விசிறி முகர்ந்தாள். ஒன்றுமில்லை. நான் அமிலத்தைச் சொட்டவிட்டேன். குடுவையைச் சுழற்றிக்கொண்டே முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. திடீரென்று நிமிர்ந்து, "வந்துடுச்சு!" என்று கத்தினாள். எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை. இன்னும் மூன்று சொட்டு விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பாத்து சார் ஓடி வந்தார். "என்னாச்சு? கையில பட்டுருச்சா? கண்ணுல பட்டுருச்சா?" விஷயத்தைச் சொன்னதும் குடுவையை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு அந்த மனுஷன், வாழ்நாளில் தாழ்வாரத்தில் வேகமாகக்கூட நடந்திராத மனுஷன், குடுவையைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு ஓடினார். "சார், பாத்து!" என்று நான் பின்னால் கத்தினேன்.

தலைமை ஆசிரியை கெட்டவர் அல்ல. பயப்படுகிறவர். எல்லாம் கேட்டுவிட்டு, "பொதுத்தேர்வுக்கு வெளியிலேருந்து தேர்வாளர் வருவார். அவர் முன்னாடி செய்யட்டும். ஆனா விலக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் சராசரி கெடையாது. தப்பாப் போனா அந்தப் பாடத்துல பூஜ்யம்தான்" என்றார். வக்கீல் அங்கேயே பேப்பர் கேட்டாள்.

அவள் அம்மாதான் ஆடிப்போனார். அன்று மாலை ஆய்வக வாசலில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "குடுக்கறதை வாங்கிக்கிட்டுப் போகட்டும்மா. நமக்கெதுக்கு வம்பு? கண்ணாடி ஏதாவது ஒடைஞ்சா, அப்பறம் நான் இந்த வாசல்ல எப்படி நிக்கறது?"

"ஒடைஞ்சா நான் பெருக்கறேன்க்கா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெருக்குவது அவருடைய வேலை என்பதும், நான் அப்படிச் சொன்னதும் சேர்ந்து அவருக்குச் சிரிப்பை வரவழைத்திருக்க வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆறு வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அளவுக் குழாயின் கோடுகளை அவளால் படிக்க முடியாது. அதனால் மருந்துக்கடையில் ஊசியில்லாத பெரிய ஊசிக்குழல்கள் வாங்கி வந்து, அழுத்தும் தண்டில் அரை மில்லிக்கு ஒன்றாக அரத்தால் வெட்டுத் தடம் போட்டேன். விரல் நகத்தால் தொட்டால் தெரியும். முதல் மூன்று தண்டுகளைக் கோணலாக வெட்டிக் கெடுத்தேன். நாலாவதை அவள் நகத்தால் வருடிப் பார்த்து, "ஏழாவது தடம் கொஞ்சம் தள்ளியிருக்குக்கா" என்றாள். அளந்தால், ஆமாம். ஐந்தாவதுதான் தேறியது. அவளுடைய பெஞ்சுத்தோழி, ஒல்லி என்று கூப்பிடுவார்கள், அவளுக்கு நோட்டு படித்துக் காட்டுவாள். இரண்டு பேரும் போட்டி போடுவார்கள். ஒல்லி கண்ணால், வக்கீல் மூக்கால். முதலில் ஒல்லிதான் ஜெயித்தாள். நாலாவது வாரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே விடை. ஐந்தாவது வாரத்தில் ஒல்லி, "இவ மூக்கைக் கழட்டிக் குடுத்தா நல்லாருக்கும்" என்று அலுத்துக்கொண்டாள். மொத்தம் மூன்று குடுவை உடைந்தது. அதில் இரண்டு நான் உடைத்தது.

தேர்வு நாளன்று வந்த தேர்வாளர் நரைத்த மீசையும் இறுகிய முகமுமாக இருந்தார். ஊசிக்குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெங்காயச் சாற்றை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவங்க வெளிய இருக்கட்டும். யாரும் பக்கத்துல நிக்கக் கூடாது" என்றார். வெளியே வந்தால் தாழ்வாரத்தில் வக்கீலின் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே நாலு கற்களைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அவை பளபளவென்று மின்னின. ஆய்வகத்தின் ஜன்னல்கள் தாழ்வாரத்துப் பக்கம் திறந்திருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது. அம்மா பார்க்க மறுத்துவிட்டார். "நீங்க பாத்து சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"எடுத்துட்டா... பத்து மில்லி காரம் அளந்துட்டா... சாறு விட்டுட்டா... இப்ப அமிலம்."

உள்ளே ஐந்து பெண்கள், ஐந்து மேஜைகள். ஒல்லியும் அதில் ஒருத்தி. வக்கீலின் உதடுகள் தடங்களை எண்ணிக்கொண்டிருந்தன. இடது கை குடுவையைச் சுழற்றியது, வலது கட்டைவிரல் தண்டை அழுத்தியது. பத்தாவது தடம். இடையில் நிறுத்தி முகர்ந்தாள். பதிமூன்றாவது. பிறகு சொட்டுச் சொட்டாக. நாங்கள் பழகியபோதெல்லாம் விடை பத்து மில்லிக்குப் பக்கத்தில்தான் வரும். கரைசல்களைத் தயாரிப்பது நான்தானே, எனக்குத் தெரியும். இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் நின்றுவிட்டாள். குழலின் நுனியைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு, முழுதாக விழாத அரைச் சொட்டை வழியவிட்டாள். முகர்ந்தாள். குடுவையை மேஜையில் வைத்தாள். அவள் இன்னும் இரண்டு முறை முதலிலிருந்து செய்தாள். இரண்டு முறையும் அதே இடத்தில் நிறுத்தினாள். பிறகு கை தூக்கினாள்.

"ஏழரை சார்."

ஓரத்தில் நின்ற பாத்து சாரின் முகம் வெளுத்துப்போனது. "ஏழரையா? சரியாப் பாத்தியாம்மா?" என்று அவரையும் மீறிச் சொல்லிவிட்டார். கடைசி மேஜையில் ஒரு பெண், "நமக்கு ஏழரை ஆரம்பிச்சாச்சு" என்று கிசுகிசுத்தாள். தேர்வாளர் நிதானமாக மற்ற நாலு பேரின் தாள்களையும் வாங்கினார். வாய்விட்டுப் படித்தார். ஒன்பது புள்ளி ஒன்பது. பத்து. பத்து. பத்து.

"எல்லாரும் பத்துங்கறாங்க. நீ மட்டும் ஏழரைங்கற. மாத்திக்கறியா?"

ஜன்னல் கம்பியை நான் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. அம்மா சுவரிலிருந்து திரும்பியிருந்தார்.

"எதுக்கு சார் மாத்தணும்?" என்றாள் வக்கீல். "மூணு தடவை செஞ்சேன், மூணு தடவையும் ஏழரைதான். வேணும்னா நாலாவது தடவையும் செய்யறேன். அதுல பத்து வந்தா பத்துன்னு சொல்றேன். வரலைன்னா நீங்க பாட்டிலைத்தான் சந்தேகப்படணும், என்னை இல்ல."

அந்த இறுகிய முகம் தளர்ந்தது. மீசைக்கடியில் சிரிப்பு வந்தே விட்டது. "காலையில வந்ததும் காரத்துல தண்ணி கலந்து வெச்சது நான்தான்" என்றார் அவர். "எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பசங்க பத்துன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. சரியான விடை ஏழரைதான்."

அப்போது ஒல்லி எழுந்தாள். அழுகிற குரலில், "சார், எனக்கும் ஏழரைதான் வந்துச்சு. தப்புன்னு பயந்து பத்துன்னு எழுதிட்டேன்" என்றாள். தேர்வாளர் தன் தாளில் நீளமாக எதையோ எழுதத் தொடங்கினார். பாத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், ஈரத் துடைப்பத்தோடு ஆய்வகத்துக்குள் பாதி தூரம் போய்விட்டிருந்தார். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்ததுபோல மேஜைகளுக்கு நடுவே அப்படியே நின்றார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.

மதிப்பெண் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஊசிக்குழலையும் மூக்கையும் மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று தலைமை ஆசிரியைக்கே தெரியவில்லை. "பாக்கலாம்" என்றார். அடுத்த வருடம் காது கேளாத பெண் ஒருத்தி சேரப்போகிறாளாம், அவளை என்ன செய்வது என்று பாத்து சார் இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலை மூடப் போனேன். கீழே மைதானத்தில் அம்மாவும் மகளும் போய்க்கொண்டிருந்தார்கள். மகளின் வாய் ஓயவில்லை, கைகள் அதைவிட ஓயவில்லை. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். நடு மைதானத்தில் நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து, அந்த அரைச் சொட்டு எவ்வளவு இருக்கும் என்று உயர்த்திக் காட்டினாள். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் மகளின் கையைப் பிடித்துத் தன் கண்ணருகே இழுத்து, அந்த இடைவெளியையே குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.