பிரேக்குக்கு வைத்த பெல்ட்

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டில் பிலோமி ஆரம்பித்துவிடுவாள். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே இருப்பது கூரையைத் தொடாத ஒற்றைச் சுவர். அவள் பேசுவதெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் நல்லதம்பியின் காதில் வந்து விழும்.

"பெட்ரோலு மிச்சம் பிடிக்கப்போன மகராசன்! காலை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீரே, மிச்சம் பிடிச்சதைக் காய்ச்சிக் குடிக்கவா?"

அவள் புருஷன் சகாயம் பதிலே பேச மாட்டான். பதில் பேசினாலாவது நல்லதம்பிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சகாயத்தின் காலை வாங்கியது பெட்ரோல் இல்லை, நல்லதம்பிதான். உலகத்தில் இது தெரிந்தவன் நல்லதம்பி ஒருவனே. அந்தப் பாவியோ ஆறு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நல்லதம்பி ஃபிட்டர். வெள்ளைக்கார துரை கப்பலேறியபோது விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போன பட்டாளத்து மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டினான். இஞ்சினைப் பிரித்து மாட்டினான், டேங்க்கை ஒட்டினான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். பிரேக்கில் வந்தது வினை.

முன்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. பின்பிரேக்கில் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற லைனிங் தேய்ந்து தகடாகிவிட்டது. புதுசு வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். ஃபேக்டரிக்காரர்களுக்கோ எதற்கெடுத்தாலும் ஒரே வைத்தியம், மெஷின் பெல்ட். செருப்பு அறுந்தால் பெல்ட், கதவுக் கீல் போனால் பெல்ட், தொட்டில் கட்டவும் பெல்ட். நல்லதம்பியும் ஒரு பெல்ட் துண்டை அளவாக வெட்டி, ரிவெட் அடித்து வைத்தான். சமதரையில் வண்டி நன்றாக நின்றது. 'மலை இறங்கினால் சூட்டில் கருகிவிடும், சீக்கிரம் மாற்றணும்' என்று சொல்லிக்கொண்டான். யாரிடம்? தன்னிடம் மட்டும்!

வண்டி கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டு வந்துவிட்டது. "நல்லதம்பி கை பட்டா செத்த இஞ்சினும் எந்திரிக்கும்யா!" என்றார் கங்காணி. அப்போது பார்த்து, எஸ்டேட் லாரி டிரைவரான சகாயம் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாப்ள, கம்பம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துரட்டுமா? பிலோமிக்குக் கிறிஸ்துமஸ் சேலை எடுக்கணும்."

அத்தனை பேர் முன்னால், பிரேக்கில் இருப்பது வெறும் பெல்ட் என்று எப்படிச் சொல்வது? உச்சி குளிர்ந்து நின்ற மனுஷனுக்கு நாக்கு புரளவில்லை.

"போயிட்டு வா மாப்ள" என்றான்.

மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவது அந்தப் பாதை டிரைவர்கள் எல்லோருக்கும் பழக்கம். சகாயமும் அணைத்தான்; இஞ்சின் பிடிப்பு இல்லாமல் பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழுந்தது. மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தான், வண்டி நிற்கவில்லை. பாறையில் மோதி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. "இஞ்சினை அணைச்சது என் தப்பு" என்று கேட்டவர்களிடமெல்லாம் அவனே சொன்னான். லாரி வேறு ஆளுக்குப் போயிற்று.

நொறுங்கிய வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நல்லதம்பி யாருமில்லாத நேரம் பார்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினான். பெல்ட் கரிக்கட்டையாகி ரப்பர் நாற்றம் அடித்தது. அதைக் கொண்டுபோய் ஃபேக்டரி அடுப்பில் போட்டுவிட்டான்.

பிறகுதான் வெறி பிடித்தவன்போல வண்டியை மறுபடி கட்ட ஆரம்பித்தான், இந்தத் தடவை சகாயத்துக்காக. இடது பக்கம் இருந்த பிரேக் மிதியை வலது பக்கம் மாற்றினான். கியரை டேங்க் ஓரத்தில் கைப்பிடியாக ஏற்றினான். வண்டி சாயாமலிருக்க, தேயிலைப் பெட்டிப் பலகையில் பக்கத்தொட்டி செய்து மூன்றாவது சக்கரம் போட்டான். பிரேக் லைனிங்குக்கு லீவு போட்டு மதுரைக்கே போனான். சகாயம் பெட்டிமேல் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போடுவான். குமுளியிலிருந்து லயங்களுக்கு ரொட்டி கொண்டுபோய் விற்கப் போவதாகச் சொல்வான். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் மாப்ள" என்பான். ஒவ்வொரு தடவையும் நல்லதம்பிக்குச் சுருக்கென்று தைக்கும். ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொள்வான்.

வண்டி முடிந்த சனிக்கிழமை மத்தியானம் சகாயம் அதில் ஏறி உட்கார்ந்தான். வலது காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"இனிமே இஞ்சினை அணைக்க மாட்டேன் மாப்ள, மாதா மேல சத்தியம். நீ ஒரு வருசம் பாடுபட்ட வண்டியை நாசமாக்கினவன் நான். என்னை மன்னிச்சிரு."

அதற்குமேல் நல்லதம்பியால் தாங்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் நாசமாக்கல. பிரேக்குல லைனிங் இல்ல. பெல்ட்டு. நான் வச்சது. தெரிஞ்சேதான் உன்னைப் போகச் சொன்னேன்."

சகாயம் வண்டியிலிருந்து இறங்கி, அக்குள் கட்டையை ஊன்றி நின்றான்.

"கால் போனது போகட்டும். பிலோமி தினமும் என்னை ஏசினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஆறு மாசமும்?"

"ஆறு மாசமும்."

"அப்ப உன் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்று கத்தினான். வீட்டுப் பக்கம் திரும்பி, "பிலோமி! இங்க வா!" என்று கூப்பிட்டான். அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அவகிட்டயும் சொல்லு."

நல்லதம்பி சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, அடுப்பில் போட்டதையும் சொன்னான். அவள் ஓங்கி அறைந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

பிலோமி அவன் பக்கம் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் வாயிலேயே படார் படாரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"ஐயோ, இந்த வாயால என்னவெல்லாம் பேசிட்டேன்! சோறு போடுறப்பகூடச் சொல்லிக் காட்டினேனே! இந்த வாய் புழுத்துத்தான் போகும்!"

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றல்லவா நல்லதம்பி நினைத்திருந்தான்? அது இப்போது அவள் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கே?" என்றான் சகாயம். "அவளைத் தூக்கு. என்னால குனிய முடியாது."

நல்லதம்பி குனிந்து, "தங்கச்சி" என்று கையை நீட்டினான். பிலோமி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தரையில் கையூன்றித் தானே எழுந்து புருஷன் பக்கம் போனாள்.