தெக்லே கை வைக்காத தட்டு

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்டே. சாப்பிட மறுத்த ஒரு பெண்ணால் இன்னொரு பெண்ணுக்கு எப்படிக் கால் கிடைத்தது என்று ஒரு கதை இருக்கிறது. சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாதீர்கள்.

நம் குட்டாய்சி ஊரில், ரியோனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியில் மருத்துவம் படித்தவள் தெக்லே. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். விடிந்தால் மைதானம், பகலெல்லாம் எலும்புகளின் பெயர், சாயங்காலம் நன்கொடை வசூல். வசூல் அவளோடு ஓடிக்கொண்டிருந்த மக்வலாவுக்காக. கார் விபத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நடப்பதற்கு ஒரு செயற்கைக் கால் வந்தது. ஆனால் ஓடுவதற்கென்று வளைந்த தகடு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதை யார் சும்மா தருவார்கள்? அதைச் செய்கிற ஜெர்மன்காரர் ஊருக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை கிளம்பிவிடுவார். அதற்குள் பணம் கட்டினால்தான் அளவெடுப்பார்.

நம் ஊரில் வசூலுக்குப் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? வாசலில் நின்று உண்டியலைக் குலுக்கினால் உண்டியலில் ஒன்றும் விழாது, உங்களைத்தான் உள்ளே இழுத்துப் போடுவார்கள். "காசு எங்கடி ஓடிப் போகுது, முதல்ல உக்காந்து சாப்பிடு!" பாலாடைக்கட்டி ரொட்டி வரும், வால்நட் அரைத்துத் தடவின கத்திரிக்காய் வரும், கிளம்பும்போது கையில் ஒரு புட்டி பிளம் சட்னியும் வரும். உண்டியல் மட்டும் போனபடியே திரும்பும். தெக்லேயின் இடுப்பைப் பார்த்துப் பயிற்சியாளர், "நீ வசூலுக்குப் போறியா, இல்ல கல்யாணத்துக்குக் கல்யாணம் போறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

துணை முதல்வர் முர்மன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தக் கஷ்டத்துக்கும் அவர் கண்டுபிடிக்கிற வழி ஒன்றுதான், விருந்து. ஞாயிறு பந்தயம், திங்கள் உடற்கூறு பரீட்சை. ஆகவே சனிக்கிழமை நன்கொடையாளர்களுக்குப் பாராட்டு விருந்து.

"இன்னும் யாருமே கொடுக்கலையே ஐயா?" என்றாள் தெக்லே.

"கொடுக்கப் போறவங்கம்மா. மரியாதையை நாம முன்னாடியே செஞ்சிடணும்."

பேனர் வைத்தார்கள். அதில் முர்மன் ஆளுயரத்துக்குச் சிரித்தார். மூலையில் மக்வலா இருந்தாள். இடம் போதாமல் அவளை இடுப்போடு வெட்டியிருந்தார்கள்.

விருந்தை நடத்தி வாழ்த்துச் சொல்கிற தமாதாவும் முர்மன்தான். தமாதா எழுந்து வாழ்த்துச் சொல்லாமல் யாரும் கோப்பையைத் தொட முடியுமா? சமாதானத்துக்கு ஒரு கோப்பை, செத்துப் போனவர்களுக்கு ஒன்று, பெற்ற தாய்மாருக்கு ஒன்று, கடைசியாக மக்வலாவின் காலுக்கும் ஒன்று. பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற ஜும்பேர் கண்ணீர் விட்டார். "கால் என்னம்மா கால்! உனக்கு நான் சிறகே வாங்கித் தரேன்!" என்று மார்பில் கை வைத்தார். அந்தக் கை மார்பை விட்டு இறங்கிப் பர்ஸ் பக்கம் மட்டும் போகவில்லை.

அப்போது கிங்காலி வந்தது. உள்ளே இறைச்சிச் சாறு தளும்பத் தளும்ப, ஆவி பறக்கிற பெரிய பெரிய கொழுக்கட்டைகள். எல்லாக் கைகளும் நீண்டன. தெக்லேயின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அன்று மத்தியானம் வசூலுக்குப் போன வீடுகளிலேயே அவளைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். விடிந்தால் பந்தயம் வேறு.

"எனக்கு வேண்டாம்" என்றாள்.

மேஜை அப்படியே நின்றுபோனது. விருந்தாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், யாரோ அவள் மனசை நோகடித்துவிட்டார்கள். வயிறு நிறைந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றாது. வயிறு என்பது நிறையக்கூடிய உறுப்பு என்பதையே இங்கே யாரும் ஒத்துக்கொண்டதில்லை, உடற்கூறு ஆசிரியை சியூரி உட்பட.

"யாரும்மா உன்னை என்ன சொன்னாங்க?" என்று முர்மன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லல ஐயா. வயிறு நெறஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"பாருங்க, சொல்ல மாட்டேங்குறா!" என்றாள் சியூரி. "அவ்வளவு ஆழமாப் பட்டிருக்கு."

ஜும்பேருக்கு வியர்த்தது. "என்னைத்தான் பாக்குறா. சரிம்மா, போன மாசமே தரேன்னு சொன்னேன், தரல. தப்புத்தான்."

இல்லை என்று சொல்லத் தெக்லே வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் மக்வலாவின் செயற்கைக் கால் அவள் பாதத்தை நறுக்கென்று மிதித்தது.

"அவளை விட்டுடுங்க மாமா" என்று மக்வலா தலையைக் குனிந்துகொண்டாள். "திங்கக்கிழமை அந்த ஜெர்மன்காரர் போயிடுவாரு. அதை நெனச்சா அவளுக்குத் தொண்டையில எறங்குமா?"

மனசு நொந்து ஒருத்தி தொடாமல் இருக்கும்போது மற்றவர்கள் எப்படித் தொடுவது? ஆவி மெலிந்துகொண்டே வந்தது. கொழுக்கட்டைக்குள் சாறு உறைய ஆரம்பித்தது. ஜும்பேர் அதைப் பார்த்தார், தெக்லேயைப் பார்த்தார், சட்டென்று பர்ஸை எடுத்துக் காலியான சாலட் கிண்ணத்தில் கவிழ்த்தார். கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. முர்மனிடம் வந்ததும் அவர் எழுந்து, "இந்தப் புனிதமான நேரத்தில் நமது கல்லூரியின் சார்பாக..." என்று தொடங்கினார்.

"பேச்சு ஆறாது ஐயா, சாப்பாடு ஆறுது!" என்று சியூரி கத்தினாள். அவரும் பையைத் திறந்தார்.

கிண்ணம் நிறைந்து மக்வலாவின் முன்னால் வந்து உட்கார்ந்தது. இப்போது எல்லாக் கண்களும் தெக்லே மேல்.

"சாப்பிடுடி" என்றாள் மக்வலா, சிரிப்பை அடக்க முடியாமல். "நீ சாப்பிடலேன்னா எல்லாரும் திருப்பி எடுத்துக்குவாங்க."

சாப்பிட்டாள் பாவம். காசு போட்ட ஒவ்வொருவரும் வந்து தங்கள் கையாலேயே ஒன்று ஊட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பந்தயத்தில் தெக்லே கடைசி. பரிசு கொடுத்து முடித்த பிறகுதான் அவள் கோட்டைத் தொட்டாள் என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பரீட்சையில் தட்டுத் தடுமாறித் தேறினாள். திங்கட்கிழமை காலை அவள் எலும்புகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஜெர்மன்காரர் மக்வலாவுக்கு அளவெடுத்தார். பேப்பரில் முர்மனின் படம் வந்தது.

இலையுதிர் காலத்தில் மக்வலா புதுக் காலோடு மைதானத்தில் இறங்கினாள். முதல் நாள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். பிறகு ஒரு நாள் விழவில்லை. தெக்லே பின்னாலேயே மூச்சு வாங்க வந்தாள்.

"ஏய், மெதுவாப் போடி!"

"முடிஞ்சாப் பிடி!"

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓடினாலும் ஆடினாலும் முழுசாகத் திரும்பி வரட்டும். உங்கள் கதவுக்கு வெளியே எப்போதும் யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டே இருக்கட்டும். நல்லா இருங்க.