மூக்குத்தி இல்லாத வீட்டம்மா

காலையில் இட்லிக்கு ஊற்றி மூடிவிட்டு மதுமதி போனை எடுத்துப் பார்த்தபோது, படத்தில் இருந்த வீட்டம்மாவுக்கு மூக்குத்தி இல்லை.

அவள் கணவர் குமரகுருபரன் தினமும் ஒரு படம் வரைந்து, கீழே கேலியாக இரண்டு வரி எழுதி, 'இன்னைக்கு இம்புட்டுதான்' என்ற தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவார். பல வருஷப் பழக்கம். பேட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர் வேலை. நாளெல்லாம் சதுர அடிக் கணக்கும், உடைந்து வந்த பெட்டிகளுக்கான சண்டையும்தான். சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரைந்தால்தான் மனுஷனாக வீடு திரும்புவார். படங்களில் அடிக்கடி வருகிறவள் 'வீட்டம்மா'. அது மதுமதிதான் என்பது டவுனில் பாதிப் பேருக்குத் தெரியும். சிலிண்டர் வந்ததும் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, நிறைந்திருக்கிறதா என்று காது வைத்துக் கேட்கும் வீட்டம்மா. எதிர் வீட்டுக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வாரக்கணக்கில் அலமாரியில் வைத்துக்கொண்டு யோசிக்கும் வீட்டம்மா. 'கிண்ணம் எங்கள் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு கொடுத்திருக்கிறது' என்று அதன் கீழே எழுதியிருந்தார். கிண்ணத்தின் சொந்தக்காரி முத்துராணி அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று அப்படிச் சிரித்தாள். மதுமதிக்கும் சிரிப்பு வந்தது. ஊரே பார்க்கிறதே என்று கொஞ்சம் கோபம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் தன்னை ஒரு ஆள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே என்று கொஞ்சம் பெருமை.

அதனால்தான் மூக்குத்தி உறுத்தியது. வீட்டம்மாவின் முகத்தில் வேறு எதை விட்டாலும் அந்த ஒற்றைப் புள்ளியை அவர் விட்டதில்லை. அவசரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்தாள். மறுநாளும் புள்ளி இல்லை. அதற்கு மறுநாள் வீட்டம்மாவின் கொண்டை கழுத்திலிருந்து உச்சிக்கு ஏறியிருந்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டம்மா நைட்டியில் வந்தாள், தோளில் ஒரு துண்டோடு. 'காலிங் பெல் அடித்தால் முதலில் திறக்க வேண்டியது கதவை என்று நினைப்பவர்கள், துண்டைத் தேடி அலைந்த அனுபவம் இல்லாதவர்கள்.' எழுநூறு பேர் சிரித்திருந்தார்கள். மதுமதி தன் சேலைத் தலைப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து நைட்டி போட்டதில்லை.

ஒரு வீட்டில் எலி இருப்பது தெரிந்துவிட்டால் அப்புறம் எல்லாச் சத்தமும் எலியாகத்தான் கேட்கும். மதுமதிக்கும் அப்படித்தான் ஆயிற்று. வீட்டிலேயே ஷேவ் செய்துகொண்டிருந்தவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் சலூனுக்குப் போகிறார். இந்த வயதில் யாருக்காக இந்த மினுமினுப்பு? ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார், அதையும் விரலில் வெட்டு என்று சொல்லி ஸ்பூனால் சாப்பிடுகிறார். வேறெங்கோ பசியாறிவிட்டு வருகிற ஆளுக்கு இங்கே எப்படிச் சாப்பாடு இறங்கும்? காபியை ஆற்றிக் குடிக்கிறவர் இப்போது அரை டம்ளர் போதும் என்கிறார். வண்டியில் என்னவோ கோளாறு என்று அதை வாசலிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகிறார். வண்டி என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் படும், பஸ் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒருநாள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "நீ இல்லாத ராத்திரியெல்லாம் எனக்கு வேர்த்துக் கொட்டுது" என்று சொன்னது கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மறுநாள் மின்வெட்டைப் பற்றிய படத்தின் கீழே அதே வரி இருந்தது. கரண்டைப் பார்த்துத்தான் அப்படிப் பேசினாராம். அதைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. சொன்னதை மறைப்பதற்காகவே படமாகப் போட்டுவிட்டார் என்று தோன்றியது. கேலி எழுதத் தெரிந்த ஆளை எந்த இடத்தில் பிடிப்பது?

கோயம்புத்தூரில் படிக்கிற மகளிடம் இதைச் சொல்ல முடியாது. முத்துராணியிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அவர் சட்டைகளைத் துவைக்கப் போடுவதற்கு முன் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை, பஸ் வாசனை, வியர்வை. ஒருநாள் லேசாக இஞ்சி டீ வாசனை வந்ததுபோல் இருந்தது. அன்று அவள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். குற்றமுள்ளவர்தான் உப்பில்லாத சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்து, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தாமிரபரணி கலங்கலாக ஏறி வந்து குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துவிட்டது. அன்று சாயங்காலமும் அவர் வழக்கம்போல் தாமதமாக வந்தார்.

"எங்க போயிட்டு வாறீய?"

"ஆத்துக்குத்தான்."

"படித்துறைக்கா?"

"வேற எங்க? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்."

அவருடைய செருப்பு காய்ந்து கிடந்தது. பேண்ட் ஓரத்தில் ஒரு துளி சேறு இல்லை. அன்று மத்தியானமே முத்துராணி, படித்துறைப் பக்கம் ஒரு ஆளை விடவில்லை, போலீஸ் கயிறு கட்டிவிட்டது என்று சொல்லியிருந்தாள். மதுமதி சமையலறைக்குள் போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள். இதுவரை சந்தேகம்தான். இப்போது பொய் கையில் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அவளுக்கு நிம்மதி மாதிரி ஒன்று வந்ததுதான் ஆச்சரியம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நைட்டிக்காரி வந்த படங்களில் எல்லாம் ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் மெலிதாக ஒரு கூர்மையான கோபுரம். அது பாளையங்கோட்டை சர்ச்சின் ஊசிக்கோபுரம் என்று திருநெல்வேலியில் எந்தக் குழந்தையும் சொல்லும். கோபுரத்துக்கு இப்பால் ஒரு மொட்டை மாடி, அதில் கப்பல் மாதிரி கட்டிய தண்ணீர்த் தொட்டி. மனுஷன் எதை வேண்டுமானாலும் மறைப்பார், கண்ணில் பட்டதை மட்டும் வரையாமல் விடமாட்டார்.

சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எந்தச் சேலை என்று தேர்ந்தெடுக்க நேரம் பிடித்தது. சண்டை போடப் போகிற இடத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது? கடைசியில் நல்ல சேலையையே எடுத்தாள். பாளையங்கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோக்காரரிடம் கப்பல் தொட்டி வைத்த வீடு தெரியுமா என்று கேட்டாள். "கப்பக்காரர் வீடா? ஏறுங்கக்கா" என்றார் அவர், அது ஒரு அதிசயமே இல்லை என்பதுபோல.

கப்பல் வீட்டுக்கு நேர் எதிரே ஒரே ஒரு வீடு. வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. மதுமதி அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே யாரோ அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. நைட்டி, தோளில் துண்டு, உச்சியில் கொண்டை. படத்தில் இருந்தவளேதான். அதே தடித்த கை, மூக்குத்தி இல்லாத அதே மூக்கு. வயது மட்டும் படத்தில் தெரியவில்லை. எழுபது இருக்கும்.

"யாரும்மா வேணும்?"

மதுமதி வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எந்தச் சொல்லும் இந்த அம்மாளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. அப்போது உள்ளே கணவரின் குரல் கேட்டது.

"வாய இன்னும் கொஞ்சம் தெறக்கணும், பியூலா. கொட்டாவி இல்ல. அவ சண்டைக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பா. பையப் பைய இழுப்பா. அத இழுத்தாச்சுன்னா நம்ம எந்தப் பக்கமும் ஓட முடியாது. அந்த மூச்சு வரணும்."

மதுமதி அந்த மூச்சைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்படியே பாதியில் நின்றுவிட்டது.

கூடத்தில் ஒரு மேஜை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் குமரகுருபரன், வலது கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார். எழும்போது மேஜையிலிருந்து சரிந்த ஒரு தாளை எட்டிப் பிடித்தார். அவர் கையில் அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அறையில் காற்றாடி ஓடவில்லை. நால்வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கடைசியில் அவரே தாளைக் கீழே விட்டுவிட்டார்.

"எப்ப இருந்து?" என்றாள் மதுமதி.

"சித்திரைல இருந்து. மொதல்ல பேனாதான் சரியில்லன்னு நெனச்சேன். கடையில இருந்த பேனாவெல்லாம் மாத்திப் பாத்தாச்சு."

"டாக்டரப் பாத்தீயளா?"

"பாத்தேன். ஒரு பேரு சொன்னாரு."

என்ன பேர் என்று அவள் கேட்கவில்லை. சலூன், ஸ்பூன், அரை டம்ளர் காபி, வாசலில் நிற்கும் வண்டி என்று எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் படுத்துக்கொண்டன. போனில் அவர் பேசிக்கொண்டிருந்ததுகூட, விரல் எழுத்தில் நிற்காததால், வரியை வாயால் சொல்லி போனையே எழுதவைக்கத்தான். பியூலா எழுந்து நின்று, தப்புச் செய்தவள் போலப் பேசினாள்.

"சார் பக்கத்தப் பாத்துத்தான் நான் வரையவே ஆரம்பிச்சேன், அக்கா. கை இப்படி ஆயிட்டு, பக்கத்த மூடிரப் போறேன்னு சொன்னாவ. நான்தான் நீங்க சொல்லுங்க, நான் வரையுதேன்னு சொன்னேன். பழைய படத்துல இருந்த ஒங்களப் பாத்துப் போட்டுப் பாத்தேன். காப்பியடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் ஒங்கள நேர்ல பாத்ததில்லையே. அதான் எங்கம்மாவ..."

வாசலில் நின்ற அம்மாள் துண்டைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "என்னைய நெனச்சா சந்தேகப்பட்ட?" என்று கேட்டுவிட்டு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, இஞ்சி தட்ட உள்ளே போனாள்.

மதுமதி சிரிக்கவில்லை. வேறொருத்தி இல்லை என்று தெரிந்துவிட்டதே, நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்க வேண்டும். அது இறங்காமல் இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாது, அப்படித்தான?"

குமரகுருபரன் தரையைப் பார்த்தார். "சொன்னா நீ கையப் பாக்க ஆரம்பிச்சிருவ, மது. சோறு போடும்போது கையப் பாப்ப. தண்ணி தரும்போது கையப் பாப்ப. பெறகு இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன், கைதான் இருக்கும்."

"இத்தன மாசமா நான் என்னத்தப் பாத்துட்டு இருந்தேன்னு தெரியுமா? ஒங்க சட்டைய மோந்து பாத்துட்டு அலைஞ்சேன். உப்பில்லாத சாம்பாரப் பேசாம சாப்பிட்டீயன்னு ஒரு ராத்திரி பூரா உறங்காம கெடந்தேன். அது நல்லாருந்துச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு உப்பு இல்லையா? நான் தட்டுல கொட்டாமத் திங்கணுமேங்கிற நெனப்புல இருந்தேன்."

டீ வந்தது. அவருக்கு மட்டும் அரை டம்ளர். இந்த வீட்டில் அதைக் கேட்காமலே கொடுக்கிறார்கள் என்பதை மதுமதி கவனித்தாள். அவள் தன் டீயை முழுதாகக் குடித்துவிட்டு, வருகிறோம் என்று அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார், அவள் பக்கத்தில், நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு. வலது கையை அவர் ஒளிக்கவில்லை. மடியில் அது தன்பாட்டுக்கு இருந்தது. பார்க்கக் கூடாது என்று அவள் எதிரே பார்த்தாள். வண்ணார்பேட்டை தாண்டிப் பாலத்தில் ஏறியதும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வெள்ளத்தைப் பார்க்கப் போனை நீட்டினார்கள். எதிர் சீட்டில் ஒரு பெண்ணின் வயர்கூடையில் ஒரு நாட்டுக்கோழி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும் ஆற்றைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராக, ஒன்றை எண்ணிச் சரிபார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தது.

குமரகுருபரனின் உதடு அசைவதை மதுமதி ஓரக்கண்ணால் கண்டாள். வரி தேடுகிறார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், பேனாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு மருந்துக்கடை பில்லை எடுத்துத் திருப்பினாள். அவர் பையிலிருந்து பேனாவை உருவினாள். பில்லைக் கைப்பைமேல் வைத்து, முதலில் தலை என்று ஒரு வட்டம் போட ஆரம்பித்தாள். பாலத்தின் இணைப்பில் பஸ் குதித்தது. கோடு எகிறி ஓரத்துக்கு ஓடியது. இழுத்துக்கொண்டு வந்து மூடினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "இது கோழியா, முட்டையா?"

"பேசாம இருங்க. நான் இன்னும் ஒங்ககூடப் பேசல."

பஸ் மறுபடியும் குலுங்கியது. அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதிரே கோழி கழுத்தை உள்ளே இழுத்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.