மானுக்கும் அர்பாபுக்கும் தோதான படி

…திருகுகிற படியை எடுத்தால் மரத்தில் ஓட்டை, பட்டை போட்டு இறுக்குகிற படியை எடுத்தால் பட்டை நைந்து அர்பாப் கீழே, ஏணித்துண்டை எடுத்தால் மரமும் பிழைக்கும் அர்பாபும் பிழைப்பார், மானும் ஒருவேளை பிழைக்கும், வேறு எதை எடுத்தாலும் மான் செத்துத்தான் போகும், அதற்குத்தானே படியே… என்று சிவசங்கரன் வேப்பமரத்தடியில் மூன்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றான். ஓமானில் சோஹாருக்கு வெளியே அர்பாபின் தோட்டம், ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமைக் காலை, கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மறுபடி ஆவி படிந்தது. அர்பாப் ஹமூத் அவனுடைய முதலாளி. துறைமுகத்துக்குக் குழாய் சப்ளை செய்யும் கம்பெனி, அதில் இவன் பர்ச்சேஸ் மேனேஜர், வால்வு கேளுங்கள், கேஸ்கெட் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், வேட்டைக்காரன் மரமேற எந்தப் படி நல்லது என்று கேட்டால் என்ன சொல்வது, அதுவும் முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் தள்ளிவைக்கிற வீட்டில் பிறந்தவனிடம்? ஆனால் அர்பாப் கேட்டார். போன வாரம் மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, "சங்கர், நீ உட்காரு" என்றார். சிவசங்கரன் உட்கார்ந்தான். அவர் உட்காரச் சொல்லி அவன் நின்றதுமில்லை, நிற்கச் சொல்லி உட்கார்ந்ததுமில்லை.

ஹங்கேரியில் ஒரு காட்டுத்துண்டை அர்பாபும் அவர் மைத்துனரும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். குளிர் தொடங்குமுன் சீசன். விடியுமுன் மரத்தில் ஏறி மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தால் கீழே மான் வரும், சுடலாம். அதற்கு மரங்களை இப்போதே தயார் செய்துவிட வேண்டுமாம், படியும் மனித வாடையும் புதிதாக இருந்தால் மான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதாம். போன வருடம் மைத்துனர் வாங்கிய படி வழுக்கி, அர்பாப் ஒரு கிளையில் பேண்ட் மாட்டித் தொங்கியிருக்கிறார், மைத்துனர் முதலில் வீடியோ எடுத்துவிட்டுப் பிறகுதான் இறக்கியிருக்கிறார். "அவன் வாங்கினா நான் ஏற மாட்டேன். நீ வாங்கினா கண்ணை மூடிட்டு ஏறுவேன். கலாஸ், பேச்சு முடிஞ்சுது" என்று சொல்லி அர்பாப் அவன் தோளைத் தட்டியபோது சிவசங்கரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அந்த நிறைவோடு வீட்டுக்குப் போய் ஜலஜாவிடம் சொன்னதுதான் பிசகு. ஜலஜா கரப்பான்பூச்சியைப் பேப்பரில் ஏந்தி லிஃப்டில் கொண்டுபோய்த் தரைத்தளத்தில் விடுகிறவள். "ஏங்க, அந்த மான் வந்து உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?" என்றாள். அவ்வளவுதான், பிறகு ரசம் ஊற்றினாள், ஊற்றிய விதத்திலேயே தெரிந்தது. பிள்ளை அக்ஷய் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "டெக்னிக்கலி, அப்பா, யூ ஆர் அன் அக்காம்ப்ளிஸ்" என்றான். உடந்தை! சொந்தப் பிள்ளை வாயால்! அந்த ஸ்கூலில் இதையெல்லாமா சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மட்டமான படியாகப் பார்த்து வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான், தோன்றிய வேகத்தில் அதை உதறியதும் உண்மை. அர்பாபின் இடுப்பு ஒடிந்தால் கம்பெனி படுக்கும், கம்பெனி படுத்தால் இவன் விசா, ஃபோர்மேன் யேசுராஜ் விசா, தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிற அத்தனை பேர் விசா… மான் ஒரு தட்டில், இத்தனை பேர் ஒரு தட்டில், நடுவில் தராசைப் பிடித்துக்கொண்டு யாரையும் கடிக்காத ஒரு மனிதன். இந்தத் தவிப்பில் போனில் வேட்டைக்காரர்களின் அபிப்பிராயங்களைப் படித்துக்கொண்டே போனபோதுதான் அது கண்ணில் பட்டது. ஓர் ஏணித்துண்டுப் படியைப் பற்றி யாரோ ஒரு தாடிக்காரர் எழுதியிருந்தார், 'உறுதிக்குக் குறைவில்லை, யானை ஏறினாலும் தாங்கும், ஆனால் கால் வைத்தால் கிறீச்சென்று கத்துகிறது, காட்டில் ஒரு மான் மிச்சமில்லை, எல்லாம் ஓடிவிட்டன.' ஒரே ஒரு ஸ்டார். சிவசங்கரன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அர்பாப் விழமாட்டார், மான் நிற்காது! இப்படி ஒரு சரக்கு உலகத்தில் இருக்கிறது, அதற்குப் போய் ஒரு ஸ்டாரா? உடனே ஆர்டர் போட்டான், சந்தேகம் வராமலிருக்கத் திருகுபடியையும் பட்டைப்படியையும் சேர்த்துப் போட்டான், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டுமே. ஹங்கேரிக்கு அனுப்புமுன் தோட்டத்து வேப்பமரத்தில் கட்டிப் பார்க்கிறேன் என்று அர்பாபிடமும் சொல்லிவைத்தான்.

"சாரே, இத எங்க மாட்டணும்?" என்றான் யேசுராஜ். குளச்சல் பக்கத்துக்காரன், கம்பெனியில் சாரம் கட்டுகிற ஃபோர்மேன், லீவு நாளில் சார் கூப்பிட்டாரே என்று வந்திருந்தான். மரமேறத் தெரிந்தவன் என்று நினைத்துத்தான் கூட்டி வந்தது, வந்த பிறகு கேட்டால், "கடல்ல ஏது சாரே மரம்? எங்க அப்பன் படவுலதான் எங்களுக்க காலே நிக்கும்" என்றுவிட்டான். ஆனாலும் ஏணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினான், ஏறிச் சரிபார்த்தான், உச்சியில் உட்காரும் பலகையையும் மாட்டினான். அவன் ஏறினபோது சத்தமே வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. தாடிக்காரர் பொய் சொல்லிவிட்டாரா? இல்லை, யேசுராஜ் ஒல்லி, அர்பாப் கனம், அர்பாபின் கனத்துக்குக் கிட்டத்தட்ட வருவது இங்கே யார்… "நீங்க இறங்குங்க, நான் ஏறிப் பாக்கறேன்" என்று சொன்னது தன் வாய்தானா? பல்பு மாற்றக்கூட ஸ்டூலில் ஏறாத ஆள், இப்போது அதையும் அக்ஷய்தான் செய்கிறான். யேசுராஜ் கம்பெனி பெல்ட்டை அவன் இடுப்பிலும் தொடையிலும் மாட்டி, கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொக்கி போட்டான், குழந்தைக்கு ஜட்டி மாட்டுவது போல.

முதல் படி, கிறீச். ஆகா. அடுத்த படி, அதைவிடப் பெரிய கிறீச், பக்கத்து மரத்திலிருந்து மைனாக்கள் எழும்பிப் போயின. சந்தோஷத்தில் பயம் மறந்துவிட்டது, மறந்துவிட்டது என்று நினைத்ததும் ஞாபகம் வந்துவிட்டது. கீழே பார்க்காதே, மேலே பார்க்காதே, மரப்பட்டையைப் பார், எறும்பு போகிறதே அதைப் பார், அது பெல்ட்டா போட்டிருக்கிறது? "அப்டியே போங்க சாரே, நான் பிடிச்சிருக்கேன்." எதைப் பிடித்திருக்கிறான், மரத்தையா? எப்படியோ பலகையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபோது, அட, காற்று. கீழே இல்லாத காற்று. எலுமிச்சைச் செடிகள், அப்பால் பேரீச்சை, அதற்கும் அப்பால் ஒரு கோடாகக் கடல். இத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறோம், கடல் இந்தப் பக்கமா? கீழே யேசுராஜின் போன் அடித்தது, அவன் மனைவி ரெபேக்காள், நைட் டூட்டி முடித்து வந்த நர்ஸ், வீட்டுச் சாவியைக் காணோமாம், "சாரே, அசையாம இருங்க, பம்ப் ரூம் பின்பக்கம் போனாத்தான் டவர் சரியா கிடைக்கும்" என்று அவன் போய்விட்டான். சிவசங்கரன் அசையவில்லை. அசைய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அர்பாப். வெள்ளிக்கிழமையில் இந்நேரம் வருவார் என்று யார் நினைத்தார்கள்? வெள்ளை திஷ்தாஷா அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எலுமிச்சை வரிசை வழியாக வந்தார், வந்துகொண்டே பாடினார், அர்பாப் பாடுவார் என்பதே தெரியாது, தொப்பியைக் கழற்றி வழுக்கையைச் சொறிந்தார், ஓர் எலுமிச்சையைப் பறித்துக் கடித்து முகத்தைச் சுளித்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். நேராக வேப்பமரத்தடிக்கு வந்து, பிரிந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்து, "சங்கர்!" என்று கூப்பிட்டார். வழக்கமாக அந்தப் பெயரில் 'ச' வரும்போதே எழுந்து நிற்கிறவன். குளியலறையில் இருந்தாலும் சோப்போடு 'யெஸ் அர்பாப்' சொல்கிறவன். இப்போது வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பயமா? இல்லையே, பயத்தில் இப்படி இதமாக இருக்காதே. "சங்கர்! எங்கேப்பா?" அர்பாப் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பம்ப் ரூமைப் பார்த்தார், மரத்தில் கட்டியிருந்த ஏணியைக்கூடத் தட்டிப் பார்த்தார், தலையை மட்டும் தூக்கவில்லை. பிறகு போனை எடுத்தார். சிவசங்கரனின் கை, அவனைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போய், முதல் அதிர்விலேயே போனை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அர்பாப் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், கழுத்து வியர்த்திருந்தது, சின்னப் பிள்ளையைப் போலக் காலால் மண்ணைக் கிளறினார், பாவமாகக்கூட இருந்தது… இறங்கினால் என்ன சொல்வது, கேட்கவில்லை என்றா, டவர் இல்லை என்றா, ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இந்த மனிதர் இன்னும் கொஞ்சம், இதோ அந்தக் கிளைக்கு நேர் கீழே, இன்னும் ஓரடி இந்தப் பக்கம் வந்து நின்றால் நன்றாக இருக்குமே என்று ஏன் தோன்றுகிறது என்று நினைத்தான் சிவசங்கரன், மூச்சை அடக்கிக்கொண்டு.